ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்ட ரிப்போர்ட்

நாற்பத்தேழு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரக் குறிதான் இருந்தது. ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 178, பக்கத்தில் நட்சத்திரம். மற்றதெல்லாம் லேப் அச்சடித்து வைத்திருக்கும் எல்லைக்குள் அடங்கிவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. அந்தத் தாளின்படி 70 முதல் 110 வரை சரி. நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல் 41. தாளின்படி 40-க்கு மேல் இருந்தால் சரி. மொத்தக் கொழுப்பு 198, 200-க்குள். பார்த்த டாக்டர், "எல்லாம் பார்டர்லைன்தாம்மா, எண்ணெயைக் கொஞ்சம் குறைங்க, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். வெளியே காத்திருந்த கூட்டத்துக்கு, எனக்குக் கிடைத்த நேரத்தில் அவர் அதற்கு மேல் சொல்லியிருக்கவும் முடியாது.

அப்புறம் மாதவிலக்குப் பிரச்சினைக்காக இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர்தான் அதே தாளை வேறு மாதிரி படித்தார். ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கர்ப்பமா இருந்தப்ப சுகர் இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது, மகள் வயிற்றில் இருந்தபோது. பிரசவத்தோடு இறங்கிவிட்டது, அதோடு அந்தப் பேச்சும் முடிந்துவிட்டது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர்கள் அதற்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்கப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபோது இதை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மேஜை டிராயரைத் திறந்து ஒரு இன்ச் டேப்பை எடுத்தார். இடுப்பை அளப்பது என்றால் உடையை இறுக்கிக் கட்டும் இடத்தில் அளப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தை விரலால் தேடித் தொட்டார். இடுப்பெலும்பின் மேல் ஓரத்தைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, முதுகுப் பக்கம் சரியாமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். "வயித்தை உள்ள இழுக்காதீங்க, சாதாரணமா மூச்சை விடுங்க." மூச்சு வெளியே போய் நின்ற இடத்தில் அளவு 91 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்பதுதான் எல்லை. ஐரோப்பிய வம்ச ஆண்களுக்கு 94 என்றும், அமெரிக்க அளவுகோலில் ஆண்களுக்கு 102, பெண்களுக்கு 88 என்றும் வைத்திருக்கிறார்கள். நம் உடல்வாகுக்கு அதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடுவதால் நம் எல்லை குறைவு.

ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதினார். இடுப்பு 91. ட்ரைகிளிசரைடு 178, எல்லை 150. எச்டிஎல் 41, பெண்களுக்குக் குறைந்தபட்ச எல்லை 50, ஆண்களுக்குத்தான் 40. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எல்லை 100. ரத்த அழுத்தம் 132/84, எல்லை 130/85; மேலே உள்ளதோ கீழே உள்ளதோ ஏதாவது ஒன்று தொட்டாலே போதும். இந்த ஐந்தில் எவை மூன்று இருந்தாலும் அது மெட்டபாலிக் சிண்ட்ரோம். ஏற்கெனவே பிபிக்கோ சுகருக்கோ மாத்திரை சாப்பிட்டு அளவு சரியாக இருப்பவர்களுக்கும் அந்த வரி கணக்கில் வரும். எனக்கு ஐந்தும் இருந்தன.

லேப் தாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக, ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல், ஒரு எல்லையோடு ஒப்பிட்டுக் குறி போடுவதுதான் அதன் வேலை. பிபி வேறொரு துண்டுச் சீட்டில் இருக்கும். இடுப்பு எந்தச் சீட்டிலும் இருக்காது. ஐந்தையும் ஒரே தாளில் கொண்டுவருவது நாமே செய்ய வேண்டிய வேலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இப்போது யார் என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டினாலும் முதலில் பேனாவை எடுக்கச் சொல்கிறேன்.

இவை ஐந்தும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. குடலையும் ஈரலையும் சுற்றி வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் வில்லன். அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரலில் கொழுப்பு படிந்தால் அது இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை; இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இரவில் நாம் சாப்பிடாத நேரத்திலும் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்று அளவு ஏறுவதற்கு இது முக்கியக் காரணம். அதே ஈரல், கையில் மிஞ்சிய கொழுப்பை ட்ரைகிளிசரைடாகக் கட்டி வெளியே அனுப்புகிறது. அது கூடும்போது எச்டிஎல் தேய்கிறது. சமாளிக்க கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தங்க வைப்பதால் பிபியும் மெல்ல ஏறுகிறது. ஆக, ஐந்து தனித்தனி நோய் என்று நான் நினைத்தது ஒரே கோளாறின் ஐந்து முகங்கள்.

இதில் எனக்கு உறைத்தது காலக்கணக்கு. வரும்படி போதாமல் கடன் வாங்கிச் சமாளிக்கும் குடும்பம் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அதுபோல கணையம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கும் வருடங்களில் சுகர் ஏறக்குறையச் சரியாகவே தெரியும். அது களைத்துப்போகும்போதுதான் எண் எகிறும். ஆனால் ரத்தக் குழாய்கள் அதுவரை காத்திருப்பதில்லை. சுகர் 126-ஐத் தொட்டால்தான் நோய், அதுவரை இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறவர்கள் ஏராளம். ட்ரைகிளிசரைடும் பிபியும் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே வேலையைக் காட்டுகின்றன. மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருப்பவர்களுக்கு, இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அடுத்த ஐந்து முதல் பத்து வருடங்களில் இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்தப் பெயர் வைப்பதிலேயே மருத்துவர்களுக்குள் சண்டை உண்டு. 1988-இல் ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் கோளாறுகள் இன்சுலின் எதிர்ப்பால் கூட்டாக வருகின்றன என்று ஓர் உரையில் எடுத்துச்சொல்லி, 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று அழைத்தார். அவர் பட்டியலில் இடுப்பு கிடையாது. பிறகு ஆளுக்கொரு வரையறை வந்து, 2009-இல்தான் பல அமைப்புகள் கூடி இப்போதைய 'ஐந்தில் மூன்று' கணக்குக்கு ஒத்துக்கொண்டன. இடையில் 2005-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள், தனித்தனி ஆபத்துகளின் கூட்டுத்தொகைக்கு மேல் இந்தப் பெயர் என்ன சொல்கிறது என்று கேள்வி எழுப்பின. ரீவனே பிற்காலத்தில் இப்படி முத்திரை குத்துவதால் நோயாளிக்குப் பலன் இல்லை என்ற பக்கம்தான் நின்றார். மருத்துவராக யோசித்தால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நோயாளியாக எனக்கு அந்தப் பெயர் உதவியது. ஐந்து பார்டர்லைனை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவள், ஒரு பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தேன்.

அடுத்து அந்த இரண்டாவது டாக்டர், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை எடுக்கச் சொன்னார். 6.2 வந்தது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. "இதை அப்படியே நம்ப மாட்டேன்" என்றார். எனக்கு ரத்தப்போக்கு அதிகம், இரும்புச்சத்துக் குறைவு இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்தோம். 162. 140-க்குள் இருந்தால் சரி, 200 தொட்டால் சர்க்கரை நோய். ஆக, நடுவில்தான் நிற்கிறேன் என்பது உறுதியானது. ரத்தசோகை உள்ள பெண்கள் எச்பிஏ1சி ஒன்றை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் முதல் டாக்டர் சொன்ன 'எண்ணெயைக் குறைங்க' எனக்கு ஒத்துவரவில்லை. எண்ணெயைக் குறைத்தால் தட்டு காலியாகவா இருக்கும்? அந்த இடத்தில் மாவுச்சத்துதான் ஏறும். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கு அது ட்ரைகிளிசரைடை ஏற்றி, எச்டிஎல்லை இறக்கத்தான் செய்யும். நான் குறைத்தது இனிப்பான பானங்களை. அதில் பழச்சாறும் அடக்கம். இரவுச் சாப்பாட்டில் தானியத்தின் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய்கறிக்கும் புரதத்துக்கும் கொடுத்தேன். தட்டில் முதலில் காயையும் புரதத்தையும் முடித்துவிட்டு மாவுச்சத்துக்கு வருவது பழகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் அதில் குறைகிறது. மது அருந்துகிறவர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏற அதுவே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடை எல்லாரும் சொல்வதுதான். நான் சேர்த்துக்கொண்டது, சாப்பிட்டு முடித்த உடனே பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. தசை இயங்கும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இதைவிட நல்ல குறுக்குவழி ஏது? சாப்பாட்டுக்குப் பின் வரும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குத்தான் போக வேண்டும் என்பதால் தசையை வளர்க்கவும் வேண்டும். ஜிம்முக்குப் போக எனக்குப் பொறுமை இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ரப்பர் பேண்டு இழுப்பது, இவ்வளவுதான். முதலில் முழங்கால் முனகியது. பிறகு பழகியது.

எடையில் இலக்கை டாக்டர்தான் சிறியதாக வைத்தார். கல்யாணமான புதிதில் இருந்த எடைக்குப் போக வேண்டியதில்லை, இருக்கும் எடையில் ஏழு சதவீதம் போதும் என்றார். 74 கிலோவுக்கு அது ஐந்து கிலோ சொச்சம். இந்த ஏழு, அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்விலிருந்து வந்த எண். ஏழு சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு, சராசரியாக மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். ஆனால் அதில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களைத் தனியாகப் பார்த்தபோது, மாத்திரையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தது, வாழ்க்கைமுறை மாற்றத்துக்குச் சமமாக. இதைச் சொல்லித்தான் எனக்கு மெட்ஃபார்மின் எழுதினார். முதல் சில வாரம் வயிறு கலக்கியது. சாப்பாட்டோடு சேர்த்து, குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டியதும் சரியானது.

பிபி மட்டும் நான் நினைத்தபடி இறங்கவில்லை. கிளினிக்கில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று காட்டியதால் ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொண்டேன். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேஜை மேல், பட்டை இதயத்தின் உயரத்தில். அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, நடை எதுவும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலை மாலை என ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது உயர் ரத்த அழுத்தம். எனக்கு 138/87. மாத்திரை வந்தது.

அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். "இப்பவே மாத்திரையை ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஆயுசுக்கும் விட முடியாதுடி." அவள் சொன்னதையே எங்கள் சொந்தத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதால் பிபி திரும்ப ஏறுவதில்லை. ஏற்றிய காரணம் உடம்பிலேயே இருப்பதால் ஏறுகிறது. அந்தக் காரணம் குறைந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது" என்று வைத்துவிட்டாள். சரி.

ஐந்து வரிப் பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்களை டாக்டர் தனியாகப் பேசினார். ஒன்று புகை, எனக்கு அது இல்லை. இன்னொன்று எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு. என்னுடையது 121, தாளில் குறி ஏதும் இல்லை. ஆனால் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் எல்டிஎல் துகள்கள் சிறியதாக, எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும். அளவு சுமாராகத் தெரிந்தாலும் துகள்கள் நிறைய இருக்கலாம். அதனால் மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பார்க்கச் சொன்னார். 198-இல் 41 போக 157. 130-க்குள் இருப்பது நல்லது. இதற்குத் தனிப் பரிசோதனை வேண்டாம், ஒரு கழித்தல் கணக்குதான். கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேசினோம். அது சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றக்கூடும் என்பது உண்மை. மாரடைப்பைத் தடுக்கும் பலன் அதைவிடப் பெரிது என்பதும் உண்மை. மொத்த ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, முதலில் எடையைக் குறைத்துவிட்டு மறுபடி பார்ப்போம் என்று தள்ளி வைத்தார். சர்க்கரை நோய் வந்துவிட்டவர்களுக்கு இந்தத் தள்ளிவைப்பு பெரும்பாலும் பொருந்தாது.

சில மாதங்களில் முதலில் அசைந்தது ட்ரைகிளிசரைடு. 178 இருந்தது 130 பக்கம் வந்தது. அது எப்போதுமே சாப்பாட்டுக்குச் சீக்கிரம் மசியும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 99. இடுப்பு 86, இன்னும் எல்லைக்கு மேல்தான். எச்டிஎல் மட்டும் 44-லேயே நிற்கிறது. அதை ஏற்ற மாத்திரை கேட்டேன். எச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு அதற்கேற்பக் குறையவில்லை, அதன் பின்னால் ஓடாதீர்கள் என்றார். குறைத்த ஐந்து கிலோவில் ஒன்றரை திரும்ப வந்துவிட்டது. ஆனால் வயிறு திரும்ப வரவில்லை. டேப் அதே 86-ஐத்தான் காட்டுகிறது. மெனோபாஸ் நெருங்கும் வயதில் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறும் என்பதால் எடைக்கருவியைவிட டேப்பையே நம்புகிறேன்.

ஓரளவு எடை திரும்ப வந்தாலும் பட்ட பாடு வீணில்லை என்பதற்குச் சீனாவின் தாச்சிங் நகரத்து ஆய்வு எனக்குத் தெம்பு. 1986-இல், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 577 பேரோடு தொடங்கியது. சாப்பாட்டு, உடற்பயிற்சி மாற்றம் என்று சொல்லிக்கொடுத்தது ஆறு வருடம் மட்டுமே. முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, மாற்றம் செய்த குழுவுக்குச் சர்க்கரை நோய் ஏறக்குறைய நான்கு வருடம் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் கால் பங்கு குறைந்திருந்தன.

வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் பட்டியலில் இப்போது வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ஈரல் நொதிகள் இருக்கின்றன. ஸ்கேனில் ஈரல் கொழுப்பு தெரிந்ததால் கடைசி ஒன்று சேர்ந்தது. கழுத்தின் பின்புறம் கருத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது, இன்சுலின் கூடுதலாக இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். வீட்டுக்காரருக்குக் குறட்டை, பகலில் தூங்கி விழுவது இரண்டும் உண்டு. அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பியதில் மூச்சு விட்டு விட்டு நிற்பது தெரிந்தது. அதுவும் பிபியையும் சுகரையும் ஏற்றும்.

கர்ப்பகாலச் சர்க்கரையோடு இருந்த தாயின் பிள்ளைகளுக்கும் பிற்காலத்தில் ஆபத்து கூடுதல் என்பதால் மகளைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றார். அவள் 162 சென்டிமீட்டர், ஆக 81-க்குள். அவளே அளந்துவிட்டு எண்ணை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள்தான் இப்போது முதலில் செருப்பைப் போடுகிறாள்.